பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது

செல்வீக்,
தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மச்சான் கோல்பெய்ன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வேமுண்டூர் பணிவுடன் எழுதுவது. பெர்கனில் தாங்களும் தங்கள் மூட்டுவலியும் சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே துறைமுகம் நலம், நாய் நலம், வீட்டுக் கூரை இந்த நிமிடம் வரை நலம். தங்கள் தங்கை ஹால்பேரா உடம்பளவில் பூரண நலம். என்னைப் பற்றி எழுத வேண்டியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்களும் நானும் இத்தனை வருஷமாக மீன் விலையையும் காற்றின் திசையையும் தவிர வேறு எதையும் பேசியதில்லை. அந்தப் பேச்சுக்கு நடுவில், 'மச்சான், உங்க தங்கை என்னை விட்டுப் போறா' என்பதை எந்த இடத்தில் நுழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால், நான் நிற்கிற கட்சி ஒளிவுமறைவே கூடாது என்கிற கட்சி. வேட்பாளர்களின் மின்னஞ்சல்களை ஊரே பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் பல் டாக்டருக்கு நான் எழுதியதற்குக் கீழே, முகம் தெரியாத ஒருவர் கிராம்புத் தைலம் தடவச் சொல்லி யோசனை எழுதியிருக்கிறார், அதற்குக் கீழே இன்னொருவர் அவரைத் திட்டியிருக்கிறார்.

ஆமாம், 'நான் நிற்கிற கட்சி' என்றுதான் எழுதியிருக்கிறேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

அரசாங்கம் கவிழ்ந்தது உங்கள் ஊர்ச் செய்தியிலும் வந்திருக்கும். மந்திரி ஒருவர் தம் சொத்தில் ஒரு பங்கு வெளிநாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருப்பதைச் சொல்ல மறந்துவிட்டார், கூட்டணிக் கட்சி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டது, குளிர்காலம் பிறக்கப் போகிற நேரத்தில் அவசரத் தேர்தல். தலைநகரத்து ஜனங்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் சட்டியும் கரண்டியுமாக நின்று தட்டினார்கள். செல்வீக்கில் எங்களுக்கும் கோபம் இருந்தது, தட்டுவதற்குத்தான் இடமில்லை. கடைசியில் அந்த மந்திரி நம் ரான்வேய்க்குக்கு அக்கா மகன் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது, எல்லோரும் போய் அவள் வீட்டு வாசலில் தட்டினோம். மாதர் சங்கத் தலைவி ஆயிற்றே, அவள் விடுவாளா? கதவைத் திறந்து, "வாசல்ல நின்னு ஏன் குளிர்ல நடுங்கறீங்க? உள்ள வந்து தட்டுங்க" என்றாள். காபி வந்தது, பான்கேக் வந்தது. கொஞ்ச நேரத்தில், "அந்தப் பய சின்ன வயசுலேயே மிட்டாயை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு இல்லேம்பான்" என்று சொல்லி, என் கூட்டாளி ஸ்கார்பியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அவளே தன் சட்டியைத் தட்ட ஆரம்பித்தாள். நாடு தலைகீழான பிறகும் எங்கள் வீட்டில் நிம்மதி இருந்த கடைசி நாள் அதுதான் மச்சான். ஹால்பேரா என் பக்கத்தில் நின்று என்னைவிடப் பலமாகத் தட்டினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல நீச்சல் குளத்துக்குப் போனேன். சுடுநீர்த் தொட்டியில் கழுத்தளவுக்கு உட்கார்ந்திருந்தேன், எதிரே ஸ்கார்பி. மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், உங்களுக்குத் தெரிந்தவன்தான், உங்கள் கல்யாணத்தில் ஆட்டுத்தலையைத் தீய விட்டவன். அப்போது என் தம்பி மகள் மியோல் வந்து தொட்டிக்குள் இறங்கினாள். எங்கள் ஊரில் ஒருவனிடம் சம்மதம் வாங்க வேண்டுமென்றால் அங்கே வைத்துத்தான் பிடிப்பார்கள். அந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு முடியாது என்று சொல்லத் தெம்பு இருக்காது.

"பெரியப்பா, எங்க கட்சி வேட்பாளர் பட்டியல்ல கடைசி இடம் காலியா இருக்கு. கௌரவ இடம். உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

"போடும்மா, போடு" என்றான் ஸ்கார்பி. "இவன் நிக்காத கட்சி இது ஒண்ணுதான் பாக்கி."

அவன் சொன்னது பொய்யில்லை. இதற்கு முன் மூன்று கட்சிகளுக்கு நான் கடைசிப் பெயராக இருந்து கொடுத்திருக்கிறேன். கடைசி இடம் ஜெயிப்பதற்கானதா என்ன? ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த வயசான முகம் ஒன்று அடியில் இருந்தால் பட்டியலுக்கு ஒரு அந்தஸ்து, அவ்வளவுதான். முப்பது வருஷம் கப்பல்களைக் கடல் வாயிலிருந்து துறைக்குள் வழிகாட்டிக் கூட்டி வந்தவன் என்ற முறையில் அந்த மரியாதையை நானும் ஏற்றுக்கொள்வது வழக்கம். அவர்கள் என்ன கொள்கை வைத்திருக்கிறார்கள் என்று மூன்று தடவையும் நான் கேட்டதில்லை, இந்தத் தடவையும் கேட்கவில்லை. "சரிம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் மச்சான். அதோடு தண்ணீரை விட்டு எழுந்து வந்து துண்டு கட்டிக்கொண்டேன்.

கட்சியின் பெயர் திறந்த வலைக் கட்சி. இணையத்தில் எழுத்து, பாட்டு, படம் எதுவும் பூட்டிக் கிடக்கக் கூடாது, காப்புரிமைச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும், எவனும் எதையும் எடுத்துப் படிக்கலாம், பகிரலாம் என்பது அவர்கள் முதல் கொள்கை. மூன்றாவதோ நாலாவதோ இல்லை, முதல் கொள்கை. நான் யாருடைய கணவன் என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வருஷம் தவறினாலும் கிறிஸ்துமஸுக்கு ஹால்பேராவின் கொலைக்கதை தவறினால் இந்த ஊர் தாங்காது. பாதிரியார், டாக்டர், பாங்கு மேலாளர் என்று ஊரில் முக்கியமான எல்லோரும் ஏதாவது ஒரு புத்தகத்தில் செத்தாகிவிட்டது. இன்னும் சாகாதவர்கள் அதைக் கொஞ்சம் அவமானமாகக்கூட நினைக்கிறார்கள். போன வருஷம் நடந்ததை அவள் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள். புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே, மருந்துக்கடையில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அண்ணந்தான் கொலைகாரன்னு நான் நினைக்கவே இல்ல, என்னமா எழுதியிருக்கீங்க!" என்று பாராட்டியிருக்கிறாள். அப்படித்தான் ஹால்பேராவுக்குத் தெரிந்தது, புத்தகம் முழுசாக இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது என்று. அன்று அவள் மருந்து வாங்காமல் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தளத்தை மூட முடியுமா என்று வக்கீலைக் கேட்டாள், அது வேறு ஏதோ நாட்டில் இருக்கிறதாம். அதிலிருந்து இந்த வருஷப் புத்தகம் நகரவில்லை. கடைசி அத்தியாயத்துக்காக அச்சகம் காத்துக்கொண்டிருக்கிறது, அவர்கள் போன் அடித்தால் இவள் எடுப்பதில்லை.

இந்த நிலைமையில்தான் திறந்த வலைக் கட்சியின் வண்ணக் காகிதம் எங்கள் வீட்டுக் கதவு ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. நான் குனிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். கடைசி வரிசையில் என் படம். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், என் தோளில் ஒரு கை இருக்கிறது. எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் விருந்தில் நீங்கள் எடுத்த படம் மச்சான். மியோல் அதை எங்கிருந்தோ எடுத்து ஹால்பேராவை வெட்டிவிட்டிருக்கிறாள், கையை மட்டும் வெட்ட மறந்துவிட்டாள். அல்லது அழகாக இருக்கிறது என்று விட்டிருப்பாள். மோதிரம்கூடப் பளிச்சென்று தெரிகிறது.

"இது யார் கை?" என்றாள் ஹால்பேரா.

"உன் கைதான்."

"என் கையை யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

நீங்க என்று சொன்னதைக் கவனியுங்கள். என்னை எப்போதும் நீ, வா, போ என்கிறவள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு மரியாதை கொடுத்த சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணலாம், ஒவ்வொன்றுக்கும் பிறகு வாரக்கணக்கில் வீட்டில் பனி பெய்திருக்கிறது. பதற்றத்தில், ஏதோ உதவி செய்வதாக நினைத்து, "படம் எடுத்தது உங்க அண்ணன்தான்" என்றேன்.

"அப்ப அண்ணனையும் கேக்கல" என்றாள். "என் எழுத்தை எடுத்துட்டாங்க, சரி. இப்ப கையையும் எடுத்தாச்சு. அடுத்து என்ன எடுக்கப் போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் துடைச்சு வெக்கறேன்."

சட்டப்படி அந்தப் படம் உங்களுடையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழக்குப் போட உங்களுக்குப் பூரண உரிமை உண்டு, போட்டால் நான் எதிர்க்க மாட்டேன்.

பெயரை எடுக்கச் சொன்னாள். அன்றைக்கே தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். கெடு முடிந்துவிட்டது, இனி செத்தால்தான் பெயரை எடுக்க முடியும் என்றார் அங்கிருந்தவர், அதற்கும் சான்றிதழ் வேண்டுமாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, ஹால்பேரா முந்தைய வாரமே பழைய கட்சிக்கு, அதாவது காப்புரிமையை இன்னும் இறுக்க வேண்டும் என்கிற கட்சிக்கு, கடைசிப் பெயராக நிற்கச் சம்மதித்திருக்கிறாள். அவளையும் சுடுநீர்த் தொட்டியில்தான் பிடித்திருக்கிறார்கள், பெண்கள் கூடுகிற சாயங்கால நேரத்தில். நான் ஆச்சரியப்படும்படி திடீரென்று சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு கடைசிப் பெயர்கள். சமையலறை ஜன்னலில் அவள் கட்சிச் சுவரொட்டி, கார் நிறுத்துகிற கொட்டகைக் கதவில் என்னுடையது. தபால்காரர் எதைப் பார்த்து வணக்கம் சொல்வது என்று தெரியாமல் நாய்க்குச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதோடு நின்றிருந்தால் தேர்தல் முடிந்ததும் எல்லாம் ஆறிப்போயிருக்கும். நேற்று சமுதாயக் கூடத்தில் எல்லாக் கட்சிகளும் பேசுகிற கூட்டம். முந்தின நாளே புயல் பிடித்துக்கொண்டது, விமானம் இல்லை, மலைப்பாதை மூடிவிட்டார்கள். முதல் இடத்து வேட்பாளர்கள் மொத்தப் பேரும் தலைநகரத்தில் மாட்டிக்கொண்டார்கள், மற்றக் கட்சிகளின் பட்டியலில் செல்வீக் ஆளே கிடையாது. கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமே என்று ரான்வேய்க்கிடம் கெஞ்சினேன். "மாவு கரைச்சாச்சு" என்றாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆக, நாட்டின் காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி வாதாட மேடையில் மிஞ்சியவர்கள் உங்கள் தங்கையும் நானும்தான். ஒரே காரில் போனோம். இறங்கும்போது மட்டும், "கழுத்துத் துணி சரியா இல்ல" என்றாள், சரிசெய்து விடவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு நேரம் பார்க்க, முட்டை வெந்ததும் அடிக்கிற சின்ன மணியை ரான்வேய்க் கொண்டுவந்திருந்தாள். முதலில் ஹால்பேரா. அவள் காகிதம் எதுவும் எடுத்து வரவில்லை. "நான் வருஷம் முழுக்க உக்காந்து எழுதறேன்" என்றாள். "கடைக்கு வர்றதுக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் ஒரு விரலால தட்டி எடுத்துட்டுப் போறான். ரொட்டிக் கடையில இதைச் செஞ்சா திருட்டு. எங்கிட்டச் செஞ்சா சுதந்திரம். எனக்கு இந்த வித்தியாசத்தை எதிர்க்கட்சிக்காரர் விளக்கட்டும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தாள்.

எதிர்க்கட்சிக்காரர் என்றால் நான். மியோல் தலைநகரத்திலிருந்து போனில் என் காதுக்குள் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்வதாக ஏற்பாடு. 'அறிவு பொதுச்சொத்து' என்று ஆரம்பித்தேன், நன்றாகத்தான் போயிற்று. 'எழுத்தாளர்களுக்கு நாங்கள் விரோதிகள் அல்ல, அவர்களை' என்று வந்த இடத்தில் புயல் போனை அறுத்துவிட்டது. நான் 'அவர்களை, அவர்களை' என்று நின்றுகொண்டிருக்கிறேன், பின்வரிசையிலிருந்து ஸ்கார்பி, "அவங்களை என்னதான்யா பண்ணப் போறீங்க?" என்று கத்தினான். கூடம் சிரிப்பில் வெடித்தது. ஹால்பேரா சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஸ்கார்பி எழுந்து நின்றான். ஓய்வு பெறுவதற்கு முந்தின கடைசிப் பயணத்தில் அவன் கப்பலுக்கு ஹால்பேராவின் புத்தகம் ஒருவன் சட்டைப்பையில், கணினியில் செருகுகிற சின்னக் குச்சிக்குள் நகலாக வந்ததாம், ஆள் மாற்றி ஆள் எல்லோரும் படித்தார்களாம். "எனக்கு அப்ப வீட்ல நிலைமை சரியில்ல ஹால்பேரா. தினமும் வேலை முடிஞ்சு கப்பல் ஓரத்துல போய் நிப்பேன். யாரு கொன்னாங்கன்னு தெரிஞ்சுக்காம போகக் கூடாதுன்னு உள்ள வந்துடுவேன். அது திருட்டுன்னா, நான் திருடன்தான்" என்றான். ஹால்பேரா அவன் பக்கம் திரும்பினாள். "எந்தப் புத்தகம்?" என்றாள். "பாதிரியார் சாவாரே, அது." "கரைக்கு வந்து வாங்கினியா?" "அக்கா தங்கச்சிக்கெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கினேன்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அதோடு விட்டிருக்கலாம் மச்சான். ஆனால் அவள் மறுபடி எழுந்தாள்.

"போன வருஷப் புத்தகத்தை இணையத்துல எடுத்துப் படிச்சவங்க கையைத் தூக்குங்க. நான் யாரையும் திட்டப் போறதில்ல, எனக்குத் தெரியணும்."

முதலில் கை தூக்கியது மருந்துக்கடைப் பெண். பிறகு பாதிரியார், அரைக் கையாக. பிறகு வரிசை வரிசையாக. முன்வரிசையில் முட்டை மணியோடு சேர்த்து ரான்வேய்க்கின் கையும் மெல்ல மேலே போயிற்று. பிறந்ததிலிருந்து ஹால்பேராவுக்குத் தெரிந்த ஜனங்கள், அவள் பிரசவத்துக்குத் துணை நின்ற ஜனங்கள். என் கட்சிக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது, மியோல் இருந்திருந்தால் துள்ளியிருப்பாள். நான் இரண்டு கையையும் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. ஹால்பேரா "சரி" என்றாள். அவ்வளவுதான். காபிக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது அது சத்தம் போட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு நான் பேசியதற்கு நான் பொறுப்பில்லை. "நான் அந்தப் புத்தகத்தைப் படிச்சதில்ல" என்று ஆரம்பித்துவிட்டேன். "ஆனா முழுசாக் கேட்டிருக்கேன், சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து. எழுதும்போது அவ எல்லார் பேச்சையும் வாய்விட்டுப் பேசிப் பாப்பா. அந்த அண்ணனைக் கொலைகாரன் ஆக்கறதா வேண்டாமான்னு யோசிச்ச வாரம் முழுக்க சூப்புல உப்பே கிடையாது. கடைசியில அவன்தான்னு முடிவு பண்ணின அன்னிக்கு உக்காந்து அழுதா, சொந்தப் பிள்ளையைப் போலீஸ்ல குடுத்த மாதிரி. நீங்க ஒரே மூச்சுல படிச்சுட்டுக் கையைத் தூக்கறீங்க. எங்க கட்சி எல்லாத்தையும் பகிர்ந்துக்கணும்னு சொல்லுது. நல்ல விஷயம்தான். அப்ப அந்த உப்பில்லாத சூப்பையும் வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிச்சுட்டுப் போங்க." அதற்குள் மணி அடித்துவிட்டது. கொஞ்சம் பேர் கை தட்டினார்கள், கொஞ்சம் பேர் தரையைப் பார்த்தார்கள், யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து உலகத்துக்கு அனுப்பிவிட்டான்.

காரில் ஏறியதும் அவள் சொன்னாள். "நான் அழுததை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு யார் அனுமதி குடுத்தா?"

உன் பக்கம்தானே பேசினேன் என்றேன். "அவங்க என் புத்தகத்தை எடுத்தாங்க. நீங்க என்னை எடுத்துட்டீங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்து வைத்து, கம்பளிகளை அடுக்கி, அதன் மேல் கணினியை வைத்து மூடினாள். புயல் நின்று முதல் விமானம் கிளம்பும்போது அக்கூரேரிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறாளாம். புத்தகத்தை அங்கேதான் முடிப்பாளாம், முடியாவிட்டாலும் கிறிஸ்துமஸுக்குத் திரும்ப மாட்டாளாம். அதற்கப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மியோலும் கோபமாக இருக்கிறாள். மற்றவர்கள் பேசுவதை வைத்துப் பார்த்தால் நாட்டில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள், கட்சியின் கடைசி வேட்பாளரே கட்சியைக் கவிழ்த்துவிட்டான் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம். இன்று காலை தொட்டியில் ஸ்கார்பி இன்னொரு குண்டைப் போட்டான். நாளைக்கு ஊர்க்காரர்கள் வாக்குச்சீட்டில் எனக்கு மேலே இருக்கிற பெயர்களையெல்லாம் பென்சிலால் அடித்து என்னை மேலே ஏற்றப் போகிறார்களாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. "நீ ஜெயிச்சுப் போனா அங்க உனக்கு நல்ல சூப் குடுப்பாங்க" என்கிறான். நான் ஜெயித்து, நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, ஹால்பேராவின் புத்தகத்தைத் திறந்துவிடுகிற சட்டத்துக்குக் கை தூக்குகிறேன் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்திலும் என் தோளில் அவள் கை இருக்குமா?

மச்சான், மேடையில் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருப்பாள். அவள் எழுதுகிறபோது விசைகளின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், பழைய கப்பல் எஞ்சினின் சத்தத்தில் தூங்குகிற மாதிரி நான் அதில் தூங்குவேன். சத்தம் நின்றால் விழிப்பு வந்துவிடும். எழுந்து போய் அவள் அறைக் கதவுக்கு வெளியே செருப்பில்லாமல் நிற்பேன். உள்ளே போக மாட்டேன், போனால் ஏன் வந்தே என்று எரிந்து விழுவாள். மறுபடி சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் போய்ப் படுப்பேன். இது அவளுக்குத் தெரியாது. இப்போது கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை, அந்தக் கதவுக்கு வெளியே நிற்பதற்கும் எனக்கு ஒரு முகாந்தரம் இல்லை. புத்தகம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கட்சிகளும் அடித்துக்கொள்ளட்டும். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யாராவது ஒரு சட்டம் கொண்டுவந்தால் அதற்கு நான் ஓட்டுப் போடுவேன்.

ஆகவே தங்களிடம் வேண்டிக்கொள்வது இதுதான். அவள் யார் பேச்சையும் கேட்பதில்லை, சின்ன வயதிலிருந்து உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்கிறாள். அக்கூரேரிக்குப் போன் செய்து, கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னை மன்னிக்கச் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து இங்கே இருந்துகொண்டே கோபித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் இன்னொரு சிக்கல், விமானம் பறந்தால்தான் இந்தக் கடிதமும் கிளம்பும். இதுவும் அவளும் ஒரே விமானத்தில் போக வேண்டியிருக்குமோ என்னவோ. அதனால் காலையிலிருந்து ஜன்னலில் நின்று, புயலே நிற்காதே என்று கும்பிட்டுக்கொண்டு, நிற்காவிட்டால் உங்களுக்குக் கடிதம் வராதே என்றும் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. தங்கள் மூட்டுக்குச் சுறா எண்ணெய் தடவிப் பாருங்கள், நாற்றம் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்குக் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும்.

என்றும் தங்கள் மைத்துனன்,
வேமுண்டூர்

பின்குறிப்பு: அண்ணா, இது ஹால்பேரா எழுதுவது. தேர்தல் முடிந்துவிட்டது. இவரும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை. ஆட்சி அமைக்கிற அளவுக்கு யாருமே ஜெயிக்கவில்லை என்று வானொலி சொல்கிறது, வசந்தத்தில் மறுபடி தேர்தல் வந்தாலும் வருமாம். இவர் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல், சமையலறையிலேயே வைத்துவிட்டுக் குளத்துக்குப் போய்விட்டார். எடுத்துப் படித்தேன். நின்றபடியே படித்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து படித்தேன்.

எனக்குப் போன் செய்ய வேண்டாம். நான் எங்கேயும் போகவில்லை. கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து, நீங்கள் படித்து முடித்த இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அப்படியே தட்டி எடுத்துக்கொண்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் தன் மச்சானுக்கு எழுதுகிற கடிதம் அது. ஒரு வருஷமாக அந்த ஆளுக்குக் குரல் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே செருப்பில்லாமல் நிற்கிற இடத்தை என்னால் எந்த ஜென்மத்திலும் எழுதியிருக்க முடியாது. அச்சகத்துக்கு அனுப்பியாகிவிட்டது.

இவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் அழகாக எழுத ஆரம்பித்துவிடுவார், கெட்டுப்போகும். பெட்டியை இன்னும் கூடத்திலேயே வைத்திருக்கிறேன், இரண்டு நாள் அது அங்கேயே இருக்கட்டும். வானம் தெளிந்துவிட்டது, குளத்திலிருந்து திரும்பிய இவர் ஜன்னலில் நின்று மேகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் யாருக்கும் படித்துக் காட்டிவிடாதீர்கள், நகல் எடுக்க விட்டுவிடாதீர்கள். இதன் சகல உரிமையும் என்னுடையது.